ஒன்பதாவது தூணுக்குக் கீழே

வைர விழா மலருக்குப் பள்ளியின் வரலாறு வேண்டும், நான்கு பக்கம் இருந்தால் போதும் என்று தலைமையாசிரியர் என் வீட்டுக்கே வந்து கேட்டார். பாதிரியார்தான், ஆனால் சின்ன வயது. கணக்கு வாத்தியாராக முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்து நான் ஓய்வு பெற்ற சமயத்தில் அவர் பாதிரியாராவதற்குச் செமினரியில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

"புதுசா எதையும் தேடி அலைய வேண்டாம் சார். வெள்ளி விழா மலர்ல நீங்க எழுதினதே பதினோரு பக்கம் இருக்கு. அதைச் சுருக்கிட்டு, அதுக்கப்புறம் நடந்ததை மட்டும் சேர்த்துக் குடுங்க," என்றார். காப்பியை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

டம்ளரை எடுக்க வந்த என் மனைவி, "உங்க காப்பி அப்படியே இருக்கே?" என்று கேட்டாள். சர்க்கரை கூடிவிட்டது என்றேன். காரணம் சர்க்கரை அல்ல. அந்தப் பதினோரு பக்கத்தில் ஒரு வரி பொய். அது பொய் என்று தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள்.

மீதி வரிகளெல்லாம் உண்மை. நகரத்துக்கு மேற்கே, நாகமலை நீளமாகத் தெரியும் ஒரு மேட்டில், கருவேல முள்ளை வெட்டிவிட்டு ஓலைக் கொட்டகை போட்டு இரண்டு பாதிரியார்கள் ஆரம்பித்த பள்ளி அது. முதல் நாள் வந்த பையன்கள் பத்தொன்பது பேர். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் அதில் நான்கு பேர்தான். மற்ற பதினைந்து பேரும் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் பருத்தியும் போட்ட வீட்டுப் பிள்ளைகள். பாதிரியார்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், "பையனை அனுப்புங்க, மதம் மாத்த மாட்டோம், கணக்குதான் சொல்லித் தருவோம்" என்று கேட்டுக் கூட்டி வந்தார்களாம். பெண்பிள்ளைகளுக்கு இடம் இல்லை. அது அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

பள்ளி தொடங்கி எட்டாவது ஆண்டில் நான் வேலை கேட்டுப் போனேன். எழுமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த இருபத்துநான்கு வயதுக்காரன். அப்போது தலைமையாசிரியராக இருந்தவரை எல்லாரும் பெரிய ஃபாதர் என்பார்கள். ஆறடிக்கு மேல் உயரம். என் சான்றிதழ்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "கேட்டுலேருந்து என் ரூம் வரைக்கும் நடந்து வந்தியே, என்ன பார்த்தே?" என்று கேட்டார்.

"பதினாறு வேப்பங்கன்று ஃபாதர். மூணு பட்டுப்போச்சு."

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தானும் எண்ணினார். பிறகு, "நாளைக்கே வந்துரு," என்றார்.

எண்ணுவது என் நோய் என்று மனைவி சொல்வாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் அதற்கு வேலை இருந்தது. சுற்றுலா போனால் பையன்களை எண்ண நான். தேர்வுத் தாள் கட்டை எண்ண நான். காலை முதல் பாடவேளையில் கிறிஸ்தவப் பையன்கள் மறைக்கல்விக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அதையும் என் தலையில் கட்டினார்கள். பொய் சொல்லக் கூடாது என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

கிணறு ஃபாதர்மார் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்தைச் சுற்றி ஆளுயர மதில். பையன்கள் உள்ளே போகக் கூடாது. போனால் முட்டி போட வேண்டும். அதனால் தோட்டத்துக்குள் ஒரு கிணறு உண்டு என்பது ஊருக்குத் தெரியும், எந்த மூலையில் என்பது தெரியாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சதுரக் கிணறு, நாற்பத்தைந்து அடி ஆழம். பள்ளி பெருத்துக்கொண்டே போனதால், வெள்ளி விழாவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மதிலை இடித்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு, மாடி வைத்த புதுக் கட்டடம் கட்டத் தீர்மானித்தார்கள். வரைபடத்தில் கட்டடத்தின் நடுப்பாகம் கிணற்றின் மேல் வந்தது. தள்ளிக் கட்ட இடம் இல்லை.

கோடை விடுமுறையில் கிணற்றைத் தூர்த்தார்கள். டிராக்டரில் மண் வந்தது. ஒவ்வொரு நடையையும் குறிக்க ஃபாதர் என்னைத்தான் உட்கார வைத்தார். ஒரு டிராக்டர் டிப்பரில் நூறு கன அடி மண் வரும். கிணற்றுக்கு அறுபத்தைந்து நடை வேண்டும். ஆறாவது வகுப்புக் கணக்கு. வந்தது நாற்பத்தொன்று. உடைந்த பெஞ்சு, பழைய ஓட்டு வீட்டை இடித்த கட்டை, ஓடு, செங்கல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார்கள். தாராளமாகச் சேர்த்தாலும் அது பத்து நடைக்கு மேல் வராது. ஆனால் கிணறு தரைமட்டத்துக்கு வந்துவிட்டது.

"ஃபாதர், பதினாலு நடை குறையுது," என்று சொன்னேன்.

"மேல சமமாயிடுச்சே."

"கணக்கு சமமாகல ஃபாதர். உள்ள கட்டை குறுக்க விழுந்து மாட்டியிருக்கும். அடியில காலியா இருக்கு."

கொத்தனார் பக்கத்தில் நின்று சிரித்தார். "வாத்தியாரே, நான் வாய் மேல பீம் போட்டுல்ல கட்டுறேன். யானை நடந்தாலும் ஒண்ணும் ஆகாது. நீங்க நோட்டுல இருக்கிற கணக்கைப் பாருங்க."

கட்டடம் எழுந்தது. கீழே ஐந்து வகுப்பு, மேலே ஐந்து வகுப்பு, முன்புறம் நீள வராந்தா, பதினாறு தூண்கள். ஏறி இறங்க வடக்கு ஓரத்தில் ஒரே ஒரு படிக்கட்டு. அங்கிருந்து எண்ணினால் ஒன்பதாவது தூண் கிணற்று வாயின் மேல் நின்றது.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கிணற்றின் மேல் கட்டிய இடத்தில் பிள்ளையை உட்கார வைக்க மாட்டோம் என்று ஏழு வீட்டுக்காரர்கள் வந்து சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் வெள்ளி விழா மலருக்கு நான் வரலாறு எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய ஃபாதர் கூப்பிட்டார். "கிணறு தோட்டத்து மூலை வேப்பமரத்துக்குத் தெக்க இருந்துச்சுன்னு எழுதிடுங்க. அச்சுல வந்துட்டா நம்பிடுவாங்க. அதுலயும் நீங்க எழுதினா நம்புவாங்க. நீங்க ஒரு அடி கூட்டிச் சொல்ற ஆளா, குறைச்சுச் சொல்ற ஆளா?"

நான் எழுதினேன். 'பழைய கிணறு வேப்பமரத்துக்குத் தெற்கே பத்தடி தூரத்தில் இருந்தது. அது முறையாகத் தூர்க்கப்பட்டுப் பூந்தோட்டமாக்கப்பட்டது.' ஏழு வீட்டுப் பிள்ளைகளும் திரும்ப வந்தார்கள்.

வேலையில் இருந்தவரை வாரத்துக்கு ஒருமுறையாவது ஒன்பதாவது தூணைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு கீறல் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கொத்தனார் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இப்போது இந்த நான்கு பக்கத்துக்காகப் பழைய தலைமையாசிரியர்களின் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளப் பள்ளிக்குப் போனேன். பதினோரு பெயர்கள். எழுதிவிட்டு வெளியே வந்தேன். கட்டடத்தின் முன்னால் புதிதாகக் கைகழுவும் குழாய்கள், பதினான்கு, வரிசையாக வைத்திருந்தார்கள். போன ஆண்டு போட்டதாம். மதியச் சாப்பாட்டு நேரம். பையன்கள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் சிறு வாய்க்காலில் ஓடி ஒரு குழிக்குள் இறங்கியது. குழி ஒன்பதாவது தூணின் காலடியில் இருந்தது.

தூணின் அடியிலிருந்து என் நெஞ்சு உயரம் வரைக்கும் ஒரு விரிசல். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பை வைத்துப் பார்த்தேன். உள்ளே போனது.

மறுநாள் காலை மைதாப் பசையும் கிராஃப் தாளும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிப் பென்சிலால் தேதி போட்டேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "என்ன சார், தூணுக்குப் பிளாஸ்திரியா? ஊசி ஒண்ணும் போடலையா?" என்றார். ஒன்பதாம் நாள் தாள் கிழிந்திருந்தது. இடைவெளி இரண்டு சிறு கட்டம். இரண்டு மில்லிமீட்டர்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விழா.

விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் மாதா திருநாளன்று சாயங்காலம் கோவிலிலிருந்து சப்பரம் புறப்பட்டுப் பள்ளி வளாகத்துக்குள் வரும். அப்போது பத்தாம் வகுப்புப் பையன்கள் மட்டும் மாடி வராந்தாவில் நின்று பொரியும் பூவும் சப்பரத்தின் மேல் தூவுவார்கள். கிறிஸ்தவப் பையன், இந்துப் பையன் என்ற பேதம் கிடையாது, பத்தாவது என்றால் தூவலாம். நாற்பது, நாற்பத்தைந்து பேர் நிற்பார்கள். இந்த ஆண்டு வைர விழா என்பதால், இதுவரை பத்தாவது முடித்த எல்லாரும் மாடியிலிருந்து தூவலாம் என்று முன்னாள் மாணவர் சங்கம் அறிவித்திருந்தது. நாற்பத்தைந்து பையன்களுக்குப் பதிலாகத் தொப்பை போட்ட ஆண்கள் நூற்றுக்கணக்கில், ஒரே நேரத்தில், ஒரே வராந்தாவில்.

கிழிந்த தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய ஃபாதர் சொன்னது, நான் எழுதியது, பதினான்கு நடை குறைந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு லேசாகச் சிரித்து, "சார், நீங்க எங்க ஆளு இல்ல. எங்க ஆளா இருந்தா இந்த மாதிரிப் பாவத்தை அறிக்கையிடுறதுக்குக் கோவில்ல தனியா ஒரு கூண்டே இருக்கு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

இன்ஜினியர் என்னிடம் படித்தவன். நாற்பத்தைந்து வயது. பள்ளிக்குக் கட்டட வேலையெல்லாம் அவன்தான் பார்க்கிறான். தூணைச் சுற்றி வந்தான், விரலால் தட்டினான். "பூச்சு வெடிப்பு சார். குழாய்த் தண்ணி பட்டு ஊறியிருக்கு. லீவுல சரி பண்ணிருவோம்."

"கீழ கிணறு இருக்குப்பா."

அவன் தலைமையாசிரியர் மேஜையிலிருந்த பழைய மலரை எடுத்துப் புரட்டினான். "ஏழாம் பக்கம். வேப்பமரத்துக்குத் தெற்கே பத்தடி. நீங்க எழுதினதுதானே சார்? இதைப் பார்த்துத்தான் நான் அந்தப் பக்கம் ஒண்ணும் கட்டாம விட்டேன். குழாயை இங்க போட்டேன்."

"எழுதினது நான்தான். அது பொய்."

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. இதை எழுதுனப்ப உங்களுக்கு நாப்பத்தொரு வயசு. இப்ப எழுபத்தாறு. நான் எந்த ஞாபகத்தை நம்புறது?"

குழாய் அங்கே வந்ததே என் வரியால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. தலைமையாசிரியர், "விழாவுக்கு பிஷப் வாராரு சார். நாளைக்குள்ள என்ன பண்ண முடியும்? ஓடுறது, குதிக்கிறது வேண்டாம்னு மட்டும் மைக்ல சொல்லிருவோம்," என்றார்.

சனிக்கிழமை காலை ஒருமுறை, மாலை ஒருமுறை மறுபடி போய்ச் சொன்னேன். மொத்தம் மூன்று தரம். கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. பள்ளியின் பெயர் செய்தித்தாளில் வந்துவிடுமே என்று பயம். என் பெயரும் வருமே என்ற பயம் அதைவிடக் கொஞ்சம் கூட.

"நீங்க நாளைக்குப் போகாதீங்க. போனா உங்களுக்கு நெஞ்சு வலி வந்துரும்," என்றாள் மனைவி.

"போகாம இருந்தா?"

"அப்பயும் வரும்," என்றாள். மாத்திரை டப்பாவை என் சட்டைப் பையில் போட்டாள்.

ஞாயிறு மூன்றரை மணிக்கே போய்ப் படிக்கட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மேலே போகிறவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எண்ண மட்டும் முடியும். மஞ்சள் டீ-ஷர்ட்டில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "சார், என்னைத் தெரியுதா?", "சார், நான் அல்ஜீப்ராவுல ஃபெயில் ஆனவன்." காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே போனார்கள். ஒருவன் நண்பனிடம் சொல்லிக்கொண்டே ஏறினான்: "மாப்ள, சார் டிக்கெட் கிழிக்க உக்காந்துருக்காருடா, சில்லறை எடுத்து வையி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மணிக்கு நூற்று அறுபத்துமூன்று பேர் மேலே இருந்தார்கள். தூரத்தில் கோவிலில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. சப்பரம் புறப்பட இன்னும் அரை மணி நேரம்.

இன்ஜினியர் வந்தான். அவனும் மஞ்சள் டீ-ஷர்ட்தான். என்னைப் பார்த்ததும் நின்றான். நான் கேட்கவே இல்லை. அவனாகவே, "சரி சார், உங்க மனசு நிம்மதிக்கு," என்று சொல்லி, பந்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போன கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர்க் குழிக்குப் பக்கத்தில், தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓங்கிக் குத்தினான். அரை அடி இறங்கியது. "பாருங்க, கெட்டியா இருக்கு." இரண்டாவது குத்துக்கு இரண்டடி இறங்கியது. மூன்றாவது குத்துக்குக் கடப்பாரை அவன் கையை விட்டுப் போய்விட்டது. மண்ணில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. நான் 'ஒன்று' என்று மனதில் சொல்லி முடிப்பதற்குள், கீழே தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்டது.

அவன் கை இரும்பைப் பிடித்த மாதிரியே இருந்தது. எங்கள் தலைக்கு மேலே நூற்று அறுபத்துமூன்று பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார்," என்றான். அண்ணாந்து மாடியைப் பார்த்தான். "இறக்கணும்."

"கத்தாதே," என்றேன். கத்தினால் ஓடுவார்கள். ஒரே படிக்கட்டு, வடக்கு ஓரத்தில். பாதிப் பேர் ஒன்பதாவது தூணுக்குத் தெற்கே நின்றார்கள். எல்லாரும் அந்த இடத்தை மிதித்துக்கொண்டு ஓடி வருவார்கள். மைக் கோவிலில் இருந்தது.

அலுவலக வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதுதான் மணி. எங்கள் பள்ளியில் இடைவேளை முடிந்ததும் இரண்டு மணி அடிப்போம். முதல் மணிக்கு எங்கே எப்படி நிற்கிறானோ அப்படியே அசையாமல் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது மணிக்கு வரிசையாக நடந்து வகுப்புக்குப் போக வேண்டும். ஓலைக் கொட்டகைக் காலத்துப் பாதிரியார்கள் கொண்டுவந்த பழக்கம். முதல் மணிக்கு அசைந்தவனுக்குப் பிரம்படி நிச்சயம்.

கடைசியாக எப்போது ஓடினேன் என்று நினைவில்லை. அன்று முப்பத்தோரு எட்டு வைத்து ஓடினேன். சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கி ஒரே ஒரு அடி அடித்தேன்.

மாடியில் சத்தம் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். செல்போனைத் தூக்கிப் பிடித்த கை அப்படியே நின்றது. பொரியை வாயில் போடப் போனவன் வாயைத் திறந்தபடி நின்றான். நரைத்த தலைகள், வழுக்கைத் தலைகள், ஒன்றும் அசையவில்லை. யாரோ ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "டேய் மாப்ள, ஆடாதடா, பிரம்பு வருது," என்றான். அமுக்கிய சிரிப்பு ஒன்று ஓடியது. அவ்வளவுதான்.

"படிக்கட்டுப் பக்கம் நிக்கிறவங்க முதல்ல," என்றேன். வகுப்பில் பேசும் குரல் எங்கிருந்தோ வந்தது. "சுவரை ஒட்டி. ஒருத்தர் பின்னால ஒருத்தர். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் யாரும் வரக் கூடாது. பேச்சு கூடாது."

இரண்டாவது மணி அடித்தேன். இறங்க ஆரம்பித்தார்கள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒருவன் தோளை ஒருவன் இடித்துக்கொண்டு வந்தார்கள். படிக்கட்டடியில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினேன். எழுபது வரை சரளமாக எண்ணினேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒன்பதாவது தூணைத் தாண்டி வருகிறவர்கள். ஒவ்வொருவர் கால் அங்கே படும்போதும் தூணைப் பார்த்தேன். நூறு. நூற்று இருபது. பூச்சிலிருந்து ஒரு சில்லு உடைந்து கீழே விழுந்ததை இன்ஜினியரும் பார்த்தான், நானும் பார்த்தேன். நூற்று அறுபது. நூற்று அறுபத்திரண்டு.

பிறகு யாரும் வரவில்லை.

"ஒரு ஆள் குறையுது," என்றேன்.

"எண்ணினதுல விட்டுருப்பீங்க சார்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்," என்று படியில் காலை வைத்தான்.

"நீ எத்தனை கிலோ?"

"எண்பத்தாறு."

"நான் நாற்பத்தொன்பது. தள்ளு."

இருபத்திரண்டு படி. ஏறி வராந்தாவில் நின்றபோது, தரை எனக்கு முன்னால் நீளமாகக் காலியாகக் கிடந்தது. பொரியும் ரோஜா இதழும் சிதறிக் கிடந்தன. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன். ஒன்பதாவது தூணுக்கு நேரே தரையில் மயிர்போல ஒரு கோடு. அதைத் தாண்டக் கால் வரவில்லை. மாத்திரை ஒன்றை நாக்கின் கீழ் வைத்தேன். பையன்கள் இதன் மேல் எத்தனை ஆயிரம் தரம் ஓடியிருக்கிறார்கள், நான் கீழே நின்றுகொண்டு ஓட விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். தாண்டினேன்.

கடைசி அறை பத்தாம் வகுப்பு. மூன்றாவது வரிசையில் கடைசி பெஞ்சில் ஒரு ஆள் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயது, பெரிய உடம்பு, வாய் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக வைத்திருந்தான். தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா," என்றான். பிறகுதான் முழித்தான்.

"மன்னிச்சுக்கிடுங்க சார். பஸ் டிரைவரா இருக்கேன். மூணு நாளா டூட்டி, அப்படியே வந்துட்டேன். இந்த பெஞ்சைப் பார்த்ததும் அசந்துட்டேன். இங்க தூங்குன மாதிரி வேற எங்கயும் தூங்குனதில்ல சார்."

"பேசாதே. செருப்பைக் கையில எடுத்துக்கோ. சுவரை ஒட்டி மெதுவா நட. நான் சொல்ற வரைக்கும் நிக்காதே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு முன்னால் நடந்தான். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. அந்தக் கோட்டை அவன் தாண்டியபோது தரைக்குள் எங்கோ மண் உதிரும் சத்தம் கேட்டது. அவன் தாண்டிய பிறகு திரும்பி எனக்குக் கையை நீட்டினான்.

"கையை எடு. ஒரே இடத்துல ரெண்டு பேர் நிக்கக் கூடாது. போ."

அவன் போனான். நான் அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். பிறகு நடந்தேன்.

கீழே வந்தபோது எல்லாரும் மைதானத்தின் கோடிக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள். இன்ஜினியர் போனில் கூப்பிட்டு, தலைமையாசிரியர் அங்கி தடுக்க ஓடி வந்துகொண்டிருந்தார். சப்பரத்தைக் கேட்டிலேயே நிறுத்தித் தெரு வழியாகத் திருப்பிவிட்டதாகச் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு. "எதுக்குண்ணே இறக்குனாங்க?" "பாம்பாம்." "பாம்பு இல்லடா, கரண்டு." டிரைவர் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"பாம்பு இல்ல," என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "இந்தக் கட்டடத்துக்குக் கீழ கிணறு இருக்கு. சரியா மூடாத கிணறு. அது வேப்பமரத்துப் பக்கம் இருந்துச்சுன்னு மலர்ல எழுதினது நான். பொய்னு தெரிஞ்சே எழுதினேன்."

நன்னெறி வகுப்பில்கூட அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. பிறகு பின்னால் இருந்து ஒரு குரல், யார் என்று தெரியவில்லை, "தப்பாப் போட்ட கணக்கைப் பத்துத் தரம் எழுதணும் சார்," என்றது. அது நான் கொடுக்கிற தண்டனைதான். யாரும் சிரிக்கவில்லை. அல்ஜீப்ராவில் ஃபெயில் ஆனவன் என்று சொன்னவன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "எம் மகன் இங்கதான் ஒன்பதாவது படிக்கிறான் சார். மாடியில ரெண்டாவது ரூம்," என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுவாரம் தூணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தரையை வெட்டித் திறந்தார்கள். கட்டைகள் குறுக்கே மாட்டியிருந்தன. மக்கியவை போக மிச்சம் எட்டு. அவற்றுக்குக் கீழே பதின்மூன்று அடி வெற்றிடம், அதற்குக் கீழே குழாய்த் தண்ணீர். கொத்தனார் போட்ட பீம் ஓரிடத்தில் கம்பி தெரிய வெடித்திருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "கேக்காதீங்க சார்," என்றான். பத்து வகுப்புகளும் கோவில் மண்டபத்துக்கும் தகரக் கொட்டகைக்கும் போய்விட்டன. நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பக்கம் கிணறு. தலைமையாசிரியர் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

குழி திறந்திருந்த நாட்களில் நான் தினமும் இடைவேளைக்குப் போய்விடுவேன். கயிறு கட்டியிருந்தார்கள், ஆனால் பையன்களுக்குக் கயிறு ஒரு கணக்கா? எட்டாவது படிக்கும் ஒருவன் கயிற்றுக்கு அடியில் குனிந்து போய் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, எம்புட்டு ஆழம்?"

"இந்தப் பக்கம் வாடா."

"சொல்லுங்க, வாரேன்."

"நாற்பத்தைந்து அடி."

"சும்மா சொல்லாதீங்க," என்று ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, சத்தம் கேட்க இன்னும் குனிந்தான். நான் கயிற்றைத் தாண்டி அவன் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்தேன். தையல் விட்டது. "சட்டை கிழியுது தாத்தா, எங்கம்மா வையும்," என்று கத்தினான். பையன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். நான் விடவில்லை. இழுத்துக்கொண்டு பின்னால் வந்து, மைதானத்தின் நடுவில் கெட்டித் தரையில் அவனை நிறுத்தினேன். மணி அடித்தது. அவன் அசையாமல் நின்றான். நான் அப்போதும் விடவில்லை.